நாற்பது நாள் கட்டிப்போட்ட குதிரை

போன மாசம் எங்க ஷெட்டுல ஒரு கிரேன் ரோப்பைக் கழிச்சுக் கட்டினேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல மெயின்டனன்ஸ் வேலை நமக்கு. புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன் ரோப்பைத் தடவிப் பாத்துட்டு, "நல்லாத்தானே சார் இருக்கு, எதுக்கு மாத்தறீங்க?"ன்னு கேட்டான். வெர்னியரை வச்சு அளந்து காட்டினேன். ஒரு இடத்துல மட்டும் ரோப் இளைச்சிருந்தது. அந்த இடத்தை வெட்டி, புரியைப் பிரிச்சு உள்ளே காட்டினேன். வெளியே கிரீஸ் மினுமினுக்குது, உள்ளே கம்பி கம்பியா அறுந்து கிடக்குது. பையன் வாயைத் திறக்கலை.

எனக்கு அப்போ ஞாபகம் வந்தது ராஜா. எங்க தாத்தாவோட ஜட்காக் குதிரை. ராஜா காலுக்குள்ளயும் இப்படித்தான் இருந்திருக்கும்னு புரியறதுக்கு எனக்கு நாப்பது வருஷத்துக்கு மேல ஆகியிருக்கு. ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்ச பதிவு இது. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க மக்களே.

தாத்தா (அம்மாவோட அப்பா) திருவள்ளூர்ல ஜட்கா ஓட்டினவர். ரயில்வே ஸ்டேஷன் வாசல்லேர்ந்து வைத்திய வீரராகவர் கோயிலுக்கு சவாரி. மத்த நாள்ல ஈ ஓட்டினாலும் அமாவாசை அன்னிக்கு மூச்சு விட நேரம் இருக்காது. ராத்திரியே ஜனங்க வந்து கோயில்ல படுத்துடுவாங்க, காலையில குளத்துல வெல்லம் கரைப்பாங்க. வெல்லம் கரையற மாதிரி வியாதி கரையும்னு நம்பிக்கை. தீராத நோயைத் தீர்க்கிற சாமி, பேரே வைத்திய வீரராகவர். அந்த சாமிகிட்ட ஜனங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த குதிரைக்கு வந்த வியாதியைப் பத்தித்தான் சொல்லப்போறேன்.

1978-ன்னு நினைக்கிறேன், எனக்கு ஒன்பது வயசு. ராஜாவோட முன்னங்கால் ஒண்ணு, முழங்காலுக்குக் கீழே பின்பக்கம், வீங்கியிருந்தது. நேரா இருக்க வேண்டிய இடம் பூவன் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு புடைச்சிருந்தது. தொட்டா சுடும். தாத்தா, "நரம்பு பிசகிடுச்சு"ன்னார். நம்ம ஊர்ல எல்லாமே நரம்புதானே! ரத்தம் போறதும் நரம்பு, வலி தெரியறதும் நரம்பு, கெண்டைக்கால் இழுத்தாலும் நரம்பு. யாழ்ல கட்டின தந்திக்கும் பழந்தமிழ்ல நரம்புதான் பேர். யோசிச்சுப் பாத்தா அந்தக் கடைசி அர்த்தம்தான் ராஜாவோட காலுக்குச் சரியாப் பொருந்துது. இழுத்துக் கட்டின தந்தி.

வைத்தியத்துக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாங்க. பேர் எதுக்கு, அவரும் தனக்குத் தெரிஞ்சதைத்தான் செஞ்சார். இரும்புக் கம்பியைக் கரி அடுப்புல பழுக்கக் காய்ச்சி, வீங்கின இடத்துல வரிவரியா இழுத்தார். "சூடு போட்டா உள்ள இருக்கிற கெட்ட நீர் வெளிய வந்துடும்"னார். நல்ல மாட்டுக்கு ஒரு சூடுன்னு பழமொழி சொல்றோம். ராஜாவுக்கு நான் எண்ணினது ஒன்பது. லாந்தர் பிடிச்சிட்டு நின்னவன் நான்தான். அந்த முடி கருகின வாசனை, அது வேண்டாம், விட்டுடலாம்.

குதிரையோட காலைப் பத்தி கொஞ்சம் சொல்லிட்டு மேல போறேன், இல்லேன்னா பின்னால வர்ற சரித்திரம் புரியாது.

குதிரை நடக்கறது ஒத்தை விரல்ல. குளம்புங்கறது அதோட நடுவிரல் நகம். முன்னங்கால்ல நாம முழங்கால்னு சொல்றது உண்மையில அதோட மணிக்கட்டு. அதுக்குக் கீழே சதையே கிடையாது. எலும்பு, தோல், அப்புறம் மேலே இருக்கிற தசையையும் கீழே இருக்கிற விரல் எலும்பையும் இணைக்கிற தசைநாண்கள், அவ்வளவுதான். அரை டன் எடையுள்ள பிராணி நாலுகால் பாய்ச்சல்ல ஓடும்போது ஒரு கட்டத்துல ஒத்தை முன்னங்கால் தரையில இருக்கும். அந்த ஒரு கால்ல இறங்கற பாரம் உடம்பு எடையில ரெண்டரை மடங்கு. பின்பக்கம் ஓடற நாண் அப்போ ரப்பர் மாதிரி நீண்டு, அடுத்த நொடி சுருங்கி குதிரையை மேலே தூக்கி விடுது. ஸ்பிரிங் வேலை. இதனாலதான் குதிரையால செலவில்லாம அவ்வளவு தூரம் ஓட முடியுது.

ஆனா இதுக்கு ஒரு விலை இருக்கு. முழு வேகத்துல அந்த நாண் 16 சதவீதம் வரைக்கும் நீளுதுன்னு அளந்திருக்காங்க. அறுந்து போற அளவு ஏறக்குறைய 12-லேர்ந்து 20 சதவீதத்துக்குள்ளே. அதாவது தினப்படி வேலையே அறுந்துபோற எல்லைக்குப் பக்கத்துல! நாங்க கிரேன் ரோப்புக்கு நாலஞ்சு மடங்கு பாதுகாப்பு வச்சுத்தான் பாரம் தூக்குவோம். இயற்கை குதிரைக்கு அந்த மார்ஜினே வைக்கலை.

இன்னொண்ணு சூடு. இரும்புக் கம்பி சூடு இல்லை, உள்ளேயே உண்டாகிற சூடு. நீண்டு சுருங்கும்போது கொஞ்சம் சக்தி வெப்பமா மாறும். ஓடற குதிரையோட நாணின் நடுப்பகுதி 45 டிகிரி வரைக்கும் போகுதுன்னு 1994-ல வில்சனும் குட்ஷிப்பும் அளந்து எழுதினாங்க. வெளிப்பக்கம் ஆறிடும், நடுவுல ஆற வழியில்லை. காயம் பெரும்பாலும் நடுவுலதான் ஆரம்பிக்குது. எங்க ரோப்பே கண்ணு முன்னாடி வந்தது எனக்கு.

முக்கியமான சமாச்சாரம் இதுதான். நாண் ஒருநாள் திடீர்னு பிசகறது இல்லை. ரெண்டு மூணு வயசு வரைக்கும் அது வேலைக்குத் தக்கபடி தன்னைப் பலப்படுத்திக்கும். அதுக்கப்புறம் அந்தத் திறமை போயிடுது. பிறகு நடக்கிறதெல்லாம் தேய்மானம். வலி இல்லாம, நொண்டாம, மாசக்கணக்கா, வருஷக்கணக்கா உள்ளே இழை இழையா நைஞ்சுக்கிட்டே வரும். ஒருநாள் வீங்கும்போது, "நேத்து பள்ளத்துல கால் வச்சான், அதான்"னு நாம நேத்தைக் குற்றம் சொல்வோம். இன்னொரு விஷயம், ஒரு கால் வீங்கியிருந்தா அடுத்த காலும் உள்ளே நைஞ்சிருக்கத்தான் அதிக வாய்ப்பு. ரெண்டும் ஒரே பாரத்தை இழுத்த கால்கள்தானே.

சரி, சரித்திரத்துக்கு வருவோம். நம்ம நாட்டுக்குக் குதிரை எப்பவுமே கப்பல் சரக்கு. பட்டினப்பாலையே காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்ல வந்த குதிரையைச் சொல்லுது. சோழர் காலக் கல்வெட்டுல மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வர்றாங்க. மாணிக்கவாசகர் கதை எல்லாருக்கும் தெரியும். பாண்டியன் குதிரை வாங்கக் குடுத்த பணத்துல கோயில் கட்டினார், நரி பரியாச்சு, ராத்திரி பரி மறுபடி நரியாச்சு. கதையை விடுங்க. குதிரைக்கு அவ்வளவு பணம் போற நாடு, வாங்கின குதிரை விடிஞ்சா இருக்குமான்னு பயப்படற நாடு. அந்த பயம் அந்தக் கதைக்குள்ள இருக்குன்னு எனக்குத் தோணும்.

13-ஆம் நூற்றாண்டு கடைசியில மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்தார். தாமிரபரணி முகத்துல இருந்த காயல் துறைமுகத்துல ஹோர்முஸ், கிஷ், ஏடன் கப்பல்கள் குதிரைகளை இறக்குறதைச் சொல்றார். ராஜா வருஷத்துக்கு ரெண்டாயிரத்துக்கு மேல வாங்கறாராம், அவரோட சகோதரர்களும் அதே அளவு. வருஷக் கடைசியில நூறுகூட மிஞ்சாதாம். காரணம், குதிரையைப் பராமரிக்கத் தெரியாது, லாடம் கட்டி வைத்தியம் பாக்கற ஆளும் கிடையாது. வியாபாரிகள் அப்படிப்பட்ட ஆளை இங்கே வரவே விடறது இல்லையாம். வந்துட்டா குதிரை பிழைச்சுடும், வியாபாரம் படுத்துடும்! இன்னிக்கு சர்வீஸ் மேனுவல் தராம மெஷின் மட்டும் விக்கற கம்பெனிகள் ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்லை :-)

போலோ இன்னொண்ணும் சொல்றார். நல்ல ஜாதி ஆண் குதிரைக்கும் நல்ல ஜாதி பெண் குதிரைக்கும் பிறந்த குட்டிகூட இங்கே கால் கோணிப் பிறக்குதாம், சவாரிக்கு ஆகாதாம். சாதமும் இறைச்சியும் வேகவச்சுப் போட்டாங்கன்னும் எழுதியிருக்கார். அரிசியில சுண்ணாம்புச் சத்து கம்மி, அதை மட்டும் நம்பி வளர்ற குதிரைக்கு எலும்பு மெலியும். எல்லாத்தையும் வெயில் தலையில போட வேண்டாம்னு சொல்றேன்.

ஆனா என்னைத் தூங்கவிடாம பண்ணினது போலோ இல்லை, வாசாஃப். பாரசீகத்து ஷிராஸ்காரர், 14-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல எழுதின வரலாற்றாசிரியர். நம்ம கரையை அவங்க மாபார்னு சொல்வாங்க. மாபாருக்கு வருஷம் பத்தாயிரம் குதிரை போச்சு, ஒண்ணுக்கு 220 செம்பொன் தினார், மொத்தம் 22 லட்சம்னு கணக்கு எழுதறார். வழியில செத்துப்போன குதிரைக்கும் ராஜா பணம் குடுத்துடணும்னு ஒப்பந்தமாம். அலங்கார நடைக்காரர், எண்ணிக்கையில கொஞ்சம் தள்ளுபடி செஞ்சுக்கலாம். ஆனா அடுத்து அவர் சொல்றதை யாரும் கற்பனையில எழுத மாட்டாங்க.

வந்து இறங்கின குதிரைகளுக்கு வறுத்த பார்லியும் நெய் கலந்த தானியமும் குடுத்து, காய்ச்சின பசும்பால் குடிக்க வைக்கறாங்களாம். கொழுக்கணும்னு நாற்பது நாள் லாயத்துல கயிறும் முளையும் அடிச்சுக் கட்டிப்போடறாங்களாம். அதுக்கப்புறம் எந்தப் பழக்கமும் குடுக்காம, படைவீரர்கள் அப்படியே ஏறி பேய் மாதிரி ஓட்டறாங்களாம். கொஞ்ச காலத்துலயே எவ்வளவு வலுவான, வேகமான குதிரையும் சோர்ந்து, மெதுவாகி, உதவாமப் போயிடுதாம். அதனாலதான் வருஷா வருஷம் புதுக் குதிரை தேவைப்படுதாம்.

இதைப் படிச்சப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துது. வாசாஃப் நாணைப் பத்தி ஒரு வார்த்தை எழுதலை, அது எனக்கும் தெரியும். ஆனா நாண் கெட்டுப்போக இன்னிக்கு ஒரு செய்முறை எழுதச் சொன்னா இப்படித்தான் எழுத வேண்டியிருக்கும். மாசக்கணக்குல கப்பல்ல நின்ன கால். மேல நாற்பது நாள் அசைவில்லாம நிக்கறது. எடை ஏறுது, தசை தளருது. அப்புறம் ஒரே நாள்ல முழுப் பாய்ச்சல்.

உடனே, "அப்போ ரெண்டாயிரம் குதிரையும் கால் வலியிலயா செத்தது?"ன்னு யாராவது கேட்பீங்க. இல்லீங்க. சுர்ரான்னு ஒரு நோய் இருக்கு, ஈ கடிச்சு ரத்தத்துல பரவற கிருமி. அதைக் கண்டுபிடிச்சதே 1880-ல, கிரிஃபித் எவன்ஸ், பஞ்சாப் பக்கம். வயித்து வலியில செத்ததும் இருக்கும். செத்ததுக்கு ஆயிரம் காரணம். நான் கேட்கறது சாகாம உதவாமப் போன குதிரைகளைப் பத்தி. வாசாஃப் சொல்ற "மெதுவாகிப் போன" குதிரைகள். அதுகளுக்கு என்ன ஆச்சுன்னு யாருமே எழுதி வைக்கலை.

நம்ம பக்கத்துக் கதையும் ஒண்ணு உண்டு. 15-ஆம் நூற்றாண்டுல சந்திரகிரியிலேர்ந்து எழும்பி விஜயநகரத்தையே பிடிச்சவர் சாளுவ நரசிம்மர். திருத்தணி தாண்டினா சந்திரகிரி எட்டற தூரம்தான். அவர் ஹோர்முஸ்லேர்ந்தும் ஏடன்லேர்ந்தும் வந்த குதிரையை உயிரோட இருந்தாலும் செத்தாலும் வாங்கிக்கிட்டார்னு போர்த்துகீசியர் நூனிஸ் எழுதறார். மூணு குதிரை ஆயிரம் பர்தாவ். கடல்ல செத்ததுக்கு வால் மட்டும் கொண்டுவந்து காட்டினா போதுமாம், முழுப் பணம். வாலுக்குப் பணம் குடுத்த ராஜாக்கள் காலைப் பாக்க ஒரு ஆளை வரவழைச்சிருக்கலாம். (அரேபியாவுல நல்ல வைத்தியர்கள் இருந்தாங்க. போலோ சொன்ன மாதிரி, வரவிடலை.)

குதிரையை இங்கேயே வளர்த்துப் பாக்கலாம்னு கம்பெனிக்காரன் நினைச்சான். 1824-ல ஓசூர் மத்திகிரியில ராணுவத்துக்கான குதிரைப் பண்ணை தொடங்கினாங்க. சரியா நூறு வருஷம் கழிச்சு, 1924-ல, அது மாட்டுப் பண்ணை ஆச்சு. 1903 அக்டோபர் 1-ஆம் தேதி வேப்பேரியில, டாபின் ஹால்ங்கற பங்களாவுல, 20 மாணவர்களோட மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆரம்பம். போலோ வந்து போய் 600 வருஷம் கழிச்சு ஒருவழியா வைத்தியம் கத்துக்குடுக்க ஒரு இடம். திருவள்ளூர்லேர்ந்து வேப்பேரி ரயில்ல ஒன்றரை மணி நேரம். ஆனா ராஜாவை யாரும் வேப்பேரிக்குக் கூட்டிட்டுப் போகலை. குதிரையை ரயில்ல ஏத்தவா முடியும்? நடத்திக் கூட்டிட்டுப் போக நாப்பது கிலோமீட்டர், நொண்டற காலோட.

ஒண்ணு சொல்லணும். சூடு போட்டவரை பட்டிக்காட்டு வைத்தியர்னு நாம சிரிக்க முடியாது. அதே வேலையைப் படிச்ச டாக்டர்களும் லண்டன்லயும் செஞ்சுட்டிருந்தாங்க. லட்ச லட்சமா விலை போற பந்தயக் குதிரைகளுக்கே வரிவரியா சூடு. 1983-லதான் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துல இயன் சில்வர் குழு நாணைச் சோதிச்சு, சூட்டால எந்தப் பலனும் இல்லைன்னு முடிவை வெளியிட்டது. அங்கேயும் லேசுல ஒத்துக்கலை. பிரிட்டன்ல கால்நடை மருத்துவர்களுக்கான ராயல் காலேஜ், இது தொழில் நெறிக்கு ஒவ்வாததுன்னு சொன்னது 1991-ல. ராஜாவுக்கு சூடு போட்டு 13 வருஷம் கழிச்சு.

அப்போ இவ்வளவு காலம் சூடு போட்ட குதிரை எப்படித்தான் குணமாச்சு? இங்கேதான் சூட்சுமம். சூடு போட்ட குதிரையை யாராலும் வேலைக்கு விரட்ட முடியாது. புண் ஆறணும், கட்டி வைக்கணும். குணமாக்கினது அந்த ஓய்வு. பேர் வாங்கினது நெருப்பு.

ஆனா ஓய்வும் முழு வைத்தியம் இல்லை. நாண் ஆறும்போது பழைய இழை அப்படியே திரும்பி வராது. தாறுமாறான தழும்பு இழை வந்து அடைக்கும். அது விறைப்பு, பழையதை மாதிரி நீளாது. பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினாத்தான் புது இழைகள் இழுக்கற திசையில வரிசையா அமையும். அதனால இப்போ முதல்ல ஓய்வு, அப்புறம் கையில பிடிச்சு தினம் சில நிமிஷம் நடை, அப்புறம் மெதுவா ஓட்டம், நடுநடுவுல அல்ட்ராசவுண்ட் வச்சு உள்ளே பார்த்துப் பார்த்து முன்னேறணும். ஒன்பது மாசத்துலேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகும். 2003-ல லண்டன் ராயல் வெட்டரினரி காலேஜ்காரங்க குதிரையோட எலும்பு மஜ்ஜையிலேர்ந்தே செல் எடுத்து வளர்த்து நாணுக்குள்ள ஊசி போட ஆரம்பிச்சாங்க. மறுபடி காயமாவது குறைஞ்சதுன்னு 2012-ல எழுதினாங்க. அதுக்கும் பின்னாடி அதே மாசக்கணக்கான நடைதான், குறுக்கு வழி இல்லை.

ஜட்காக்காரனுக்கு ஒன்றரை வருஷம் எங்கே இருக்கு? கொள்ளு யார் வாங்கறது? 1960-லயே சட்டம் வந்தாச்சு. ருக்மிணி தேவி அருண்டேல் விடாம போராடிக் கொண்டுவந்த மிருகவதைத் தடுப்புச் சட்டம். காயமோ இயலாமையோ இருக்கிற பிராணியை வேலை வாங்கினா குற்றம்னு அதுல இருக்கு. சட்டம் சரிதான். தாத்தாவுக்கு அது தெரியாது, தெரிஞ்சிருந்தாலும் அன்னிக்கு வீட்டுல அடுப்பு எரிய வேற வழி தெரிஞ்சிருக்காது. அவரை நான் நல்லவர்னு சொல்ல வரலை, கெட்டவர்னும் சொல்ல மாட்டேன். ராஜாவைக் கட்டிப்போட்டிருந்த நாள்ல ஸ்டேஷன்ல மூட்டை தூக்கினார். ராத்திரி வந்து வேப்பெண்ணெய் தடவிட்டுத்தான் படுப்பார்.

சூடு போட்டு அஞ்சாவது வாரம் புண் ஆறி, வீக்கம் வத்தி, ராஜா நொண்டாம நடந்தான். தை அமாவாசை வந்தது. வருஷத்துல பெரிய கூட்டம் அன்னிக்குத்தான். விடியறதுக்கு முன்னாடி வண்டி பூட்டினார். ஆறு பேர் ஏறினாங்க, அவங்க மூட்டை வேற. நாலாவது சவாரியா அஞ்சாவதான்னு ஞாபகம் இல்லை, தேரடிக்குக் கொஞ்சம் முன்னாடி ராஜா நின்னுட்டான். குரல் குடுத்தார், சாட்டையைத் தொட்டார், அசையலை. முன்னங்காலைத் தூக்கி குளம்பு நுனியை மட்டும் தரையில ஊனி நின்னான். ஜனங்க இறங்கி நடந்தே போயிட்டாங்க, சிலர் காசு குடுத்தாங்க. ரெண்டு மாசம் கழிச்சு ராஜாவை யாரோ வந்து ஓட்டிட்டுப் போனாங்க. எங்கேன்னு தாத்தா கடைசி வரைக்கும் சொல்லலை. வண்டி மட்டும் ரொம்ப வருஷம் கொல்லையில மழையில நனைஞ்சுட்டு கிடந்தது.

இந்தப் பதிவை எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணை சரிபார்த்துக்கலாம்னு அம்மாவுக்கு போன் பண்ணினேன்.

"ஏம்மா, ராஜாவுக்கு சூடு போட்டது எந்தக் கால்ல?"

"இடது கால்டா. நீதானே விளக்கு பிடிச்சே."

"தேரடியில நின்னப்போ தூக்கினதும் அதே கால்தானே?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"இல்லடா. அது வலது கால். உங்க தாத்தா அதையேதான் சொல்லிச் சொல்லி மாஞ்சு போனாரு. சூடு போட்ட கால் நல்லாத்தான் இருந்துச்சு, மத்த காலுக்கு என்ன வந்துச்சுன்னு."